கூடத்துக்குள் ஒரு கடல்

கடல்நீர் மீன்தொட்டி என்பது கண்ணாடிப் பெட்டிக்குள் கடலின் நிலைமையை உண்டாக்கி, அதை நாள் தவறாமல் அப்படியே காப்பாற்றும் ஏற்பாடு. தங்கமீன் தொட்டியோடு இதற்குள்ள உறவு கண்ணாடியோடு சரி. சென்னை கொளத்தூரில் விற்கும் நன்னீர் அலங்கார மீன்களில் பெரும்பாலானவை பண்ணைத் தொட்டியில் பிறந்தவை. எந்தத் தண்ணீரையும் ஓரளவு சகித்துக்கொள்ளும். கடல் அலங்கார மீன்களில் பெரும்பாலானவை பவளத்திட்டுகளில் பிடிக்கப்பட்டவை. தண்ணீர் மாறுவது என்றால் என்னவென்றே தெரியாத வர்க்கம்.

இந்தத் தொட்டியை வாங்குவோர் இரு வகைப்படுவர். மீன், தொட்டி, தண்ணீர் என்ற வரிசையில் யோசிப்பவர்கள் முதல் வகை. கடைகள் இவர்களை நம்பித்தான் நடக்கின்றன. தண்ணீர், மின்சாரம், தொட்டி, மீன் என்று தலைகீழாக யோசிப்பவர்கள் இரண்டாம் வகை. இவர்களால் கடைக்கு வருமானம் குறைவு. ராமநாதபுரம் சீமையின் நயினார்கோவிலில் இரு வகைக்கும் ஒரே குடும்பத்தில் மாதிரி உண்டு. ஒருவர் மிளகாய் மண்டி வைத்திருப்பவர். முண்டு மிளகாய் நல்ல விலைக்குப் போன கையோடு நாகநாதர் கோயிலுக்குப் பக்கத்தில் புது வீடு கட்டியவர். மற்றவர் அவருடைய தாய்மாமன். மண்டபம் பக்கம் மீன்குஞ்சுப் பொரிப்பகம் ஒன்றில் தொட்டி கழுவி ஓய்வு பெற்றவர். பால் காய்ச்ச இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. உரையாடல் நடப்பது சுண்ணாம்பு வாசம் போகாத கூடத்தில்.

முதல் கேள்வி அளவு.

மண்டிக்காரர்: ஆறடி நீளம், மூணடி உயரம், ஒரு அடி அகலம் மாமா. சுவத்துல பெரிய டி.வி. மாட்டுன கணக்கா இருக்கும்.

மண்டபத்தார்: அடியில ஒரு கல்லு சரிஞ்சா யாரு மாப்ள இறங்கி எடுக்குறது? கையை நீட்டு, எம்புட்டு இருக்குன்னு பாப்போம்.

மண்டிக்காரர்: அதுக்கு ஆள் வச்சுக்கலாம்.

மண்டபத்தார்: ஆளுக்கும் அதே கைதான்.

தொட்டி எவ்வளவு பெரியது என்பதைவிட எந்த வடிவம் என்பதே முக்கியம். மேலே சொன்ன டி.வி. வடிவத் தொட்டி 18 கன அடி. சுமார் 510 லிட்டர் பிடிக்கும். நாலடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரமுள்ள தொட்டி 16 கன அடி; சுமார் 450 லிட்டர். ஆனால் தண்ணீர் காற்றைத் தொடும் மேற்பரப்பு முதலாவதில் 6 சதுர அடி, இரண்டாவதில் 8. பிராணவாயு கலப்பது அந்த மேற்பரப்பில்தான். உயரம் கூடக் கூட அடியில் அழுத்தம் கூடும், கண்ணாடியின் கனமும் விலையும் கூடும். இரண்டடி உயரத்துக்கு 12 மி.மீ. கண்ணாடி போதும். மூன்றடிக்குப் போனால் கண்ணாடிக் கடைக்காரருக்குத்தான் லாபம்.

மண்டிக்காரர்: அப்போ சின்னதா ஒண்ணு வாங்கிப் பழகிட்டு, அப்புறம் பெருசு வாங்கவா? எல்லாரும் அப்படித்தான சொல்றாங்க.

மண்டபத்தார்: இதுல மட்டும் நீ பெருசுக்கு ஆசைப்படுறது சரிதான். சின்னதுல ஒரு மீனு செத்தா மத்த மீனுக்கும் சேத்துக் காரியம் பண்ணணும்.

இதில் மாமாவின் பக்கமே அறிவியல் இருக்கிறது. ஒரு மீன் செத்து அழுகினால் வெளியாகும் அம்மோனியா 40 லிட்டர் தொட்டியில் எந்த அளவுக்குச் செறியுமோ, 400 லிட்டர் தொட்டியில் அதில் பத்தில் ஒரு பங்குதான் செறியும். வெப்பமும் உப்பும் அப்படியே மெதுவாக மாறும். தவறு தெரிந்து திருத்த நேரம் கிடைக்கும். புதியவருக்கு 300 லிட்டருக்கு மேல் என்பது ஆடம்பரம் இல்லை, பாதுகாப்பு.

இடம் பற்றிய கேள்வியை மண்டிக்காரர் ஏற்கெனவே வாஸ்து பார்ப்பவரிடம் தீர்த்துவிட்டார்: ஈசானிய மூலை. அந்த மூலையில் கிழக்கே பார்த்த பெரிய ஜன்னல் இருக்கிறது.

மண்டபத்தார்: காலை வெயில் நேரா விழுது. ஒரே மாசத்துல பாசி புடிச்சுக் கண்ணாடி பச்சையாப் போகும். மீனு எங்கன்னு வாஸ்துக்காரரைத்தான் கேக்கணும்.

மண்டிக்காரர்: சரி, மாடி ஹால்ல வைப்போமா?

மண்டபத்தார்: எடை என்னன்னு போட்டுப் பாத்தியா?

450 லிட்டர் கடல்நீர் மட்டும் 460 கிலோவுக்கு மேல். கண்ணாடி சுமார் 90 கிலோ. கல், மணல், இரும்புச் சட்டம், கீழே வைக்கும் சம்ப் தொட்டி எல்லாம் சேர்ந்தால் 700 கிலோவைத் தாண்டும். மிளகாய் மூட்டையை எடை போட்டே பிழைப்பு நடத்துபவர்கூடத் தண்ணீருக்கு எடை உண்டு என்பதை மறந்துவிடுகிறார். மாடி என்றால் பீமுக்கு மேலே, சுவரை ஒட்டி, பொறியாளரைக் கேட்டு வைக்க வேண்டும். தரைத்தளம் என்றாலும் பரமக்குடி வட்டாரத்துக் கரிசலில் போட்ட தளம் மழைக்கு உப்பி, கோடைக்கு இறங்கும். சட்டம் ஒரு பக்கம் சாய்ந்தால் பாரம் முழுவதும் சிலிக்கான் ஒட்டின மூலைக்குப் போகும். ரசமட்டம் வைத்துப் பார்ப்பது தொட்டி வைக்கும் அன்றைக்கு மட்டும் செய்கிற வேலை இல்லை. ப்ளைவுட் மேஜை உப்பு நீர் பட்டு ஊதும் என்பதால் அதையும் தவிர்க்கலாம்.

மதுரையில் பழைய தொட்டி ஒன்று பாதி விலைக்கு வருகிறது என்று மண்டிக்காரர் கைப்பேசியில் படம் காட்டுகிறார். பழைய தொட்டி வாங்குவதில் தவறில்லை. வாங்கியதை வீட்டுக்குள் கொண்டுபோகாமல் முற்றத்தில் வைத்துத் தண்ணீர் நிரப்பி இரண்டு மூன்று நாள் கசிவு பார்க்க வேண்டும். முன்பு அதில் செம்பு கலந்த மருந்து போட்டார்களா என்றும் கேட்க வேண்டும். செம்பு மீனின் ஒட்டுண்ணியைக் கொல்வதுபோல இறால், நத்தை போன்ற முதுகெலும்பில்லாத உயிர்களையும் கொல்லும். அதன் மிச்சம் தொட்டியில் தங்கக்கூடும் என்பதே அனுபவஸ்தர்களின் பயம்.

அடுத்தது தண்ணீர். உரையாடல் சூடேறியது இங்கேதான்.

மண்டிக்காரர்: நம்ம ஊருல தண்ணிக்கு என்ன மாமா கவலை? கிணத்தைத் தோண்டுனா உப்புத் தண்ணிதான வருது. கடல் மீனுக்குத் தோதா சாமியே குடுத்தது.

மண்டபத்தார்: அந்தத் தண்ணியில பருப்பு வேகாது. மீனு மட்டும் வாழுமா?

ராமநாதபுரம் சீமையின் கிணற்று உப்பும் கடலின் உப்பும் வேறு வேறு. கடல்நீரில் லிட்டருக்கு சுமார் 35 கிராம் உப்புகள் உண்டு. வாயில் வைக்க முடியாத கிணற்று நீரில்கூட ஐந்து கிராம் இருந்தால் அதிகம். அந்த ஐந்து கிராமும் கடலின் விகிதத்தில் இருப்பதில்லை. காவிரிக் கூட்டுக் குடிநீரில் குளோரின் இருக்கும். அதனால் தொடக்கம் எப்போதும் உப்பே இல்லாத தண்ணீரில்தான்: ஆர்.ஓ. இயந்திரத்தில் வடித்து, டி.டி.எஸ். மீட்டரில் பூஜ்யத்தை ஒட்டிக் காட்டும் நீர். 20 லிட்டர் கேன் கணக்கில் பார்த்தால் முதல் நிரப்புக்கு 23 கேன். வீட்டிலேயே வடித்தால் ஒரு லிட்டருக்கு இரண்டு மூன்று லிட்டர் கழிவாகப் போகும். தெருக்குழாயில் குடங்கள் வரிசை கட்டி நிற்கும் ஊரில் அந்தக் கழிவு நீர் எந்த வழியாக ஓடுகிறது என்பதை அக்கம்பக்கத்தார் கவனிப்பார்கள்.

மண்டிக்காரர்: அப்போ நேரா கடல் தண்ணியவே மினி லாரியில ஏத்திட்டு வந்தா?

மண்டபத்தார்: மண்டபம் போய் வர நூறு கிலோமீட்டருக்கு மேல. பாக் நீரிணைப் பக்கம் மொண்டா சேறு. மழைக்காலத்துல மொண்டா உப்புக் கம்மி. வாராவாரம் லாரி வரும்னா அந்த லாரியையே வாங்கிரு.

மண்டிக்காரர்: உப்புதான வேணும்? வாலிநோக்கத்துல அரசாங்க உப்பளம் இருக்கு. நாலு மூட்டை எடுத்துட்டு வந்து கரைச்சுருவோம்.

இந்த யோசனை முட்டாள்தனம் போலத் தோன்றினாலும் பலருக்கும் வருவது. உப்பளத்தின் வேலை தெரிந்தால்தான் விடை புரியும். பாத்தியில் கடல்நீர் வெயிலில் சுண்டும்போது சுண்ணாம்புச் சத்துள்ள உப்புகள் முதலில் படிந்துவிடும். அப்புறம் உறைவதுதான் சோற்றுக்குப் போடும் சோடியம் குளோரைடு. மெக்னீசியம் கடைசிவரை உறையாமல் கசப்பு நீரில் நிற்க, அதை வெளியே விட்டுவிடுகிறார்கள். ஆக வெள்ளையாக வரும் கல்லுப்பு கடலின் ஒரு பாகமே. லிட்டருக்கு 400 மில்லிகிராம் கால்சியமும் 1,300 மில்லிகிராம் அளவுக்கு மெக்னீசியமும் இருக்க வேண்டிய இடத்தில் அது கைவிரிக்கும். மீன்தொட்டிக்கென்று விற்கும் கடல் உப்புக் கலவையில் இவை சேர்ந்திருக்கும். 450 லிட்டருக்கு ஏறத்தாழ 16 கிலோ கரைக்க வேண்டும். கரைத்த பிறகு ஒரு சொட்டை ரிஃப்ராக்டோமீட்டர் கண்ணாடியில் விட்டு, மூடியை மடக்கி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் நீலமும் வெள்ளையும் சந்திக்கும் கோடு 35இல், அதாவது ஒப்படர்த்தி 1.025 பக்கத்தில், நிற்க வேண்டும்.

மண்டிக்காரர்: தண்ணி வத்துனா மறுபடி உப்புத் தண்ணிய ஊத்துறது, அம்புட்டுத்தான?

மண்டபத்தார்: நீ ஊத்து. ரெண்டு மாசத்துல மீனு கருவாடாயிரும், காயப் போடக்கூட வேண்டியதில்ல.

ஆவியாவது நீர் மட்டும். உப்பு தொட்டியிலேயே நிற்கும். வற்றியதற்கு ஈடாக உப்பில்லாத நீர்தான் ஊற்ற வேண்டும், அதுவும் தினமும். வாரம் பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றும்போது மட்டுமே உப்பு கரைத்த புது நீர். இரண்டும் சேர்ந்து வாரத்துக்கு நாலு கேன் தண்ணீர் ஆகும்.

கருவிகளைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. கடைக்காரர் சொல்வார், தேவைக்கு மேலேயே சொல்வார். அழுக்கு அழுகுவதற்கு முன்பே அதை நுரையாகப் பிரித்துக் கக்கும் புரோட்டீன் ஸ்கிம்மர், கீழ்த் தொட்டியிலிருந்து நீரை ஏற்றும் பம்பு, உள்ளே நீரோட்டம் தரும் வேவ்மேக்கர், விளக்கு. இவற்றோடு இந்த ஊருக்குத் தவிர்க்க முடியாதது நீரைக் குளிர்விக்கும் சில்லர். தொட்டி 25, 26 டிகிரியில் இருக்க வேண்டும். சித்திரை வெயிலில் கூடம் 35இல் இருக்கும். மன்னார் வளைகுடாவிலேயே 2010லும் 2016லும் நீர் சூடாகிப் பவளங்கள் வெளுத்தன. கடலுக்கே தாங்காத சூட்டைக் கண்ணாடிப் பெட்டி தாங்கும் என்று எண்ணுவது தைரியம்.

மண்டபத்தார்: கரண்டு கணக்குப் போட்டியா?

மண்டிக்காரர்: அரசாங்கம் நூறு யூனிட் இலவசமா குடுக்குதே மாமா.

பம்புகளும் ஸ்கிம்மரும் இரவு பகல் ஓடும். விளக்கு எட்டு மணி நேரம். சில்லர் வெயிலைப் பொறுத்து. கோடையில் நாளுக்கு ஆறேழு யூனிட் என்று வைத்தால் இரண்டு மாதக் கணக்கில் 400 யூனிட்டை எட்டும். இலவச 100 யூனிட் இதில் பதினைந்து நாளைக்குக் காணும். வீட்டுச் செலவும் சேர்ந்து 500ஐத் தாண்டினால் வீதமே மாறிவிடும். மின்சாரம் நின்றால் நிலைமை இன்னும் மோசம்: நீரோட்டம் நிற்கும், பிராணவாயு குறையும். மேல் குழாய்களில் உள்ள நீர் கீழே இறங்கும். சம்பில் அதற்கு இடம் விடாமல் விளிம்புவரை நிரப்பியவர் வீட்டில் புது டைல்ஸ் தரை உப்பில் குளிக்கும். ஏற்றும் குழாயில் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒரு சிறு துளை போட்டால் பம்பு நின்றதும் அது காற்றை உறிஞ்சி, பின்னோக்கி வரும் நீரை நிறுத்திவிடும். செலவில்லாத வேலை. பொரிப்பகத்தில் கற்ற வித்தைகளில் மாமா பெருமையோடு சொல்லிக்கொள்வது இது ஒன்றைத்தான்.

உள்ளே போடும் கல் விஷயத்தில் சட்டம் நுழைகிறது.

மண்டிக்காரர்: கல்லுக்கு ராமேஸ்வரம் இருக்கு. தனுஷ்கோடியில இடிஞ்ச கோயில் சுவரெல்லாம் பவளக்கல்லுதான். நாலு கல்லு கேட்டா குடுக்க மாட்டாங்களா?

மண்டபத்தார்: குடுப்பாங்க. கூடவே சோறும் போட்டு, பூட்டுன ரூமும் குடுப்பாங்க.

மண்டிக்காரர்: மிதக்குற கல்லாச்சும் ஒண்ணு?

மண்டபத்தார்: மேல மிதக்குற கல்லுல மீனு எங்க மாப்ள ஒளியும்?

மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா 1986இல் அறிவிக்கப்பட்டது. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையிலுள்ள 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலும் அதில் அடக்கம். திட்டு கட்டும் பவளங்கள், கடல் விசிறி, கடற்குதிரை, கடல் அட்டை ஆகியவை 2001இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. அந்த அட்டவணைக் குற்றத்துக்கு மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை. கடைக்காரர் ‘உயிர்க்கல்’ என்று கூறி விற்பது கடலிலிருந்து பெயர்த்த பவளக்கல் என்றால், வாங்குபவரும் வழக்கில் சேர்ந்துகொள்கிறார். பீங்கானில் செய்த நுண்துளைக் கற்கள் கிடைக்கின்றன. நாள்போக்கில் அவற்றிலும் பாக்டீரியா குடியேறும்.

அந்தக் குடியேற்றத்துக்குத்தான் நாள் பிடிக்கிறது. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா விஷம். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும், அதுவும் விஷம். வேறொரு வகை அதை நைட்ரேட் ஆக்கும். இது அவ்வளவு கொடியதில்லை, நீர் மாற்றும்போது வெளியேறும். இந்த இரு கூட்டமும் பெருக நாலு முதல் ஆறு வாரம் ஆகலாம். அதுவரை மீன் இல்லாத தொட்டியில் தீவனம் சிறிது போட்டு அழுகவிட்டு, சோதனைச் சொட்டு மருந்தில் நிறம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டும் நாளே முகூர்த்த நாள்.

மண்டிக்காரர்: மூணு வாரத்துல பால் காய்ச்சுறேன் மாமா! வந்தவங்க வெறும் தண்ணியையும் கல்லையும் பாத்து என்னைய என்ன நினைப்பாங்க?

மண்டபத்தார்: செத்த மீனைப் பாத்தா என்ன நினைப்பாங்க?

மண்டிக்காரர்: ஐயர்கிட்ட வேணா நாள் தள்ளிப் பாக்கலாமா?

மண்டபத்தார்: பாக்டீரியாவுக்குப் பஞ்சாங்கம் தெரியாது மாப்ள.

மீன்களின் பட்டியல் மண்டிக்காரரின் சட்டைப் பையில் இருந்தது: கடற்குதிரை ஆறு, நீளத் துடுப்புள்ள மூரிஷ் ஐடல் ஒரு ஜோடி, வண்ணத்துப்பூச்சி மீன் நாலு, விஷ முள் உள்ள சிங்க மீன் ஒன்று, சுறாக்குட்டி ஒன்று, மிச்சமெல்லாம் கோமாளி மீன். மொத்தம் நாற்பது உருப்படி. கடற்குதிரை சட்டத்தில் அடிபட்டது. மூரிஷ் ஐடல் கடற்பஞ்சு தின்று பழகியது. தொட்டியில் பெரும்பாலும் பட்டினி கிடந்தே சாகும். வண்ணத்துப்பூச்சி மீன்களில் பல பவள உயிரிகளைக் கொறிப்பவை. சிங்க மீன் வாய்க்கு அடங்கும் எதையும் விழுங்கும், ஆக மிச்சப் பட்டியலை அதுவே சுருக்கிவிடும். சுறாவைப் பற்றி மாமா பதிலே சொல்லவில்லை.

மீதமிருப்பது கோமாளி மீன். ‘ஃபைண்டிங் நீமோ’ படம் 2003இல் வந்ததிலிருந்து குழந்தைகள் கைகாட்டுவதும் இதைத்தான். நல்ல வேளையாக இது தொட்டியிலேயே முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும். மண்டபத்தில் உள்ள மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையம் இதை இனப்பெருக்கம் செய்யும் முறையை வகுத்திருக்கிறது. பொரிப்பகத்தில் பிறந்த மீன் தீவனம் எடுக்கும், தொட்டிக்குப் பழகியிருக்கும், கடலிலிருந்து ஒன்று குறைந்ததாகவும் ஆகாது.

மண்டிக்காரர்: ஜோடியா வாங்கணும்ல? ஆணு எது, பொண்ணு எதுன்னு பாத்துக் குடுப்பாங்களா?

மண்டபத்தார்: ரெண்டு குஞ்ச விடு. அதுகளே பேசி முடிவு பண்ணிக்கும்.

இது கேலி இல்லை, உண்மை. கோமாளி மீன் முதலில் ஆணாக இருந்து, கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறும்; பெண் செத்தால் அடுத்த ஆண் அந்தப் பதவிக்கு உயரும். தாய்மாமன் சம்மதம் தேவைப்படாத ஏற்பாடு.

எந்த மீனாக இருந்தாலும் கடையில் நம் கண்முன்னே தீவனம் தின்ன வேண்டும். செவுள் வேகமாக அடிக்கும் மீனும், வயிறு ஒட்டிய மீனும், உடம்பில் உப்புத் தூவினது போல வெண்புள்ளி உள்ள மீனும் வேண்டாம். வாங்கியதை நேராகப் பெரிய தொட்டியில் விடாமல் தனித் தொட்டியில் நாலு வாரம் வைத்திருப்பது நல்லது; வெண்புள்ளி நோய் ஒரு மீனோடு வந்து எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போகும். 450 லிட்டர் தொட்டியில் கல் அடைத்த இடம் போகச் சிறிய மீன் ஏழெட்டு வைக்கலாம். அவையும் மாதத்துக்கு ஒன்றிரண்டாகச் சேர வேண்டும்.

மண்டிக்காரர்: நாப்பது கேட்டேன், எட்டுங்கிறீங்க. மண்டியில இப்படிப் பேரம் பேசுனா அடிக்க வருவாங்க.

இறுதியில் வாங்கப்பட்டது நாலடித் தொட்டி. வடக்குச் சுவர் ஓரமாக, ஜன்னல் இல்லாத பக்கம். அதற்கு முன்பே ஆர்.ஓ. இயந்திரம், ரிஃப்ராக்டோமீட்டர், சோதனைப் பெட்டி, ஒரு வாளி கடல் உப்பு, இன்வெர்ட்டர் என்று பணம் கரைந்திருந்தது; மொத்தச் செலவில் கண்ணாடித் தொட்டியின் பங்கு கால்வாசிகூடத் தேறவில்லை. பால் காய்ச்சிய அன்று வந்தவர்கள் தண்ணீரையும் கல்லையும் பார்த்து, மீன் எங்கே என்று கேட்டார்கள். கல்லுக்குப் பின்னால் தூங்குகிறது என்று மண்டிக்காரர் எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொன்னார். பொரிப்பகத்துக் கோமாளிக் குஞ்சுகள் இரண்டு ஏழாம் வாரம் வந்தன. ஆறு வாரம் வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்று நினைப்பவர்கள் தொட்டிக்கு முன்பணம் கொடுக்க வேண்டாம். அந்தப் பணத்தில் ஒரு சிறு பங்கு செலவழித்து, மண்டபத்திலோ தீவுப் பக்கத்திலோ கடல் மீனை அதன் தண்ணீரிலேயே பார்த்துவிட்டு வரலாம்.